குழந்தைகளுக்கு உயிர் தந்த சுப்பாராவ்

இரத்தப் புற்று நோய்!

பெற்றவர்கள் காதில் விழக்கூடாத பெயர் இது. 1947-ம் ஆண்டு வரை, இந்த நோய் கண்ட குழந்தையைக் காப்பாற்ற டாக்டர்களிடம் மருந்து இல்லை. சில வாரங்கள், மிஞ்சினால் சில மாதங்கள். அவ்வளவுதான் ஆயுள். தாயும் தகப்பனும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கொண்டிருக்க வேண்டியதுதான்.

அந்த நிலையை மாற்றியவர்களில் ஒருவர், சென்னையில் வைத்தியம் படித்தவர். அவர் பெயர் எல்லப்பிரகட சுப்பாராவ்.

ஓடிப்போன சிறுவன்

அந்தக் காலத்தில் ஆந்திரப் பகுதியும் சென்னை மாகாணத்தில்தான் இருந்தது. அங்கே பீமாவரத்தில், 1895-ம் ஆண்டு ஜனவரி 12-ந்தேதி சுப்பாராவ் பிறந்தார். தகப்பனார் சர்க்கார் உத்தியோகஸ்தர். உடல்நலக் குறைவால் வேலையை விட்டவர். வீட்டில் பிள்ளைகள் அதிகம், பணம் குறைவு.

13 வயதில் சுப்பாராவ் வீட்டை விட்டு ஓடினார். காசிக்குப் போய், யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரர் ஆகிவிடலாம் என்பது அவர் திட்டம்! தாயார் வெங்கம்மா விடவில்லை. பிடித்து இழுத்து வந்து பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தார். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரண்டு முறை தோல்வி. சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, மூன்றாவது முறை தேறினார். அந்தத் தாய் மட்டும் சலித்துப் போயிருந்தால், இந்தக் கதையே இல்லை.

பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி. காந்திஜியின் பேச்சைக் கேட்டுக் கதர் அங்கி அணிந்து ஆபரேஷன் அறைக்குள் போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். கிடைக்காமல், அதைவிடச் சிறிய எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது.

இதற்கிடையே பேரிடி ஒன்று விழுந்தது. உடன்பிறந்த சகோதரர்கள் இருவர், எட்டு நாள் இடைவெளியில் இறந்து போனார்கள். ‘ஸ்ப்ரூ’ என்ற நோய். ஓயாத வயிற்றுப் போக்கு, நாக்குப் புண், இரத்தச் சோகை. மனிதன் உருகிப் போவான்.

கடல் கடந்து

1923-ல் மாமனாரின் பண உதவியோடு சுப்பாராவ் அமெரிக்கா சென்றார். பாஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் இரவு நேரத்தில் எடுபிடி வேலை. பகலில் ஹார்வர்டு சர்வகலாசாலையில் படிப்பு.

ஊரில் அவருடைய ஒரே மகன், ஒன்பது மாதக் குழந்தையாக இருக்கும்போதே நோயால் இறந்தான். தகப்பன் ஏழு கடல் தாண்டி இருந்தார். மனைவி சேஷகிரி அம்மாள் தனியே துக்கம் அனுபவித்தார். சுப்பாராவ் கடைசி வரை ஊர் திரும்பவே இல்லை. அந்த அம்மாளை நினைத்தால் மனம் சங்கடப்படத்தான் செய்கிறது.

ஹார்வர்டில் பெரிய கண்டுபிடிப்புகள் செய்தும், நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1940-ல் நியூயார்க்குக்குப் பக்கத்தில் உள்ள ‘லெடர்லி’ மருந்துக் கம்பெனியில் சேர்ந்தார். அங்கே ஆராய்ச்சித் தலைவர் ஆனார். யானைக்கால் நோய்க்கு எதிராகத் தமிழ்நாட்டில் வீடு வீடாகக் கொடுத்தார்களே, அந்த மாத்திரையும் அவருடைய ஆராய்ச்சிக் கூடத்தில் பிறந்ததுதான்.

கீரையில் இருக்கும் ஒரு சத்துக்கு ‘போலிக் அமிலம்’ என்று பெயர். இரத்தம் ஊற இது வேண்டும். ஸ்ப்ரூ நோயாளிக்கும் இது நல்ல மருந்து. 1945-ல் சுப்பாராவின் குழு இதைச் செயற்கையாகச் செய்து காட்டியது. சகோதரர்களைக் கொண்டு போன நோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது. ஆனால் காலம் கடந்து!

செல்லாக் காசு

பாஸ்டன் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சிட்னி பார்பர் என்ற டாக்டர் இருந்தார். இரத்தப் புற்று நோய் கண்ட குழந்தைகளுக்குப் போலிக் அமில வகைகளைக் கொடுத்துப் பார்த்தார். நோய் குறையவில்லை, வேகம் பிடித்தது போலத் தெரிந்தது!

வேறொருவராக இருந்தால் கைகழுவி இருப்பார். பார்பர் மாற்றி யோசித்தார். இந்தச் சத்து நோயை வளர்க்கிறது என்றால், இதைத் தடுத்தால்?

இரத்தப் புற்று நோயில், எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் முதிராத வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுகின்றன. அவை பெருகுவதற்குப் போலிக் அமிலம் தேவை. அதைப் போலவே தோற்றம் உள்ள, ஆனால் உதவாத ஒரு பொருளைச் செய்ய வேண்டும். நல்ல காசு என்று நம்பிச் செல்லாக் காசை வாங்கிய வியாபாரி போல, அந்த அணு ஏமாந்து போகும்.

சுப்பாராவின் குழு அந்தச் செல்லாக் காசைச் செய்து கொடுத்தது. பெயர் அமினோப்டெரின். 1947 டிசம்பர் கடைசியில் பார்பர் அதைக் கொடுக்கத் தொடங்கினார். 1948 ஜூனில் முடிவு வெளிவந்தது. 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்தது. படுத்தவர்கள் எழுந்தார்கள். சில மாதங்களில் நோய் திரும்பி வந்தது என்பது உண்மைதான். ஆனாலும், மருந்துக்கு அடங்கும் நோய் இது என்று உலகத்துக்குத் தெரிந்துவிட்டது.

அந்த வெற்றியின் பலனைச் சுப்பாராவ் பார்க்கவில்லை. இரண்டே மாதத்தில், 1948 ஆகஸ்டில், மாரடைப்பால் இறந்தார். வயது 53.

அமினோப்டெரினின் தம்பி போன்றது மெத்தோட்ரெக்சேட். அதுவும் அதே குழுவின் ஆராய்ச்சியில் வந்தது. வேறு பல மருந்துகளோடு சேர்த்து இன்றும் இது கொடுக்கப்படுகிறது. குழந்தைகளுக்கு அதிகம் வரும் இரத்தப் புற்று நோய் வகையில், பணக்கார நாடுகளில் 10 பேருக்கு 9 பேர் பிழைக்கிறார்கள்.

தர்மபுரி மாவட்டம் கடத்தூரில் ஒரு குழந்தைக்கு இந்த நோய் வந்தால், பெற்றவர்கள் பொம்மிடிக்குப் போய் ரெயில் ஏறிச் சென்னைக்கு வரலாம். சுப்பாராவ் படித்த அதே கல்லூரியில் அவருக்கு முன்னால் படித்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954-ல் அடையாற்றில் தொடங்கிய புற்று நோய் ஆஸ்பத்திரி அங்கே இருக்கிறது.

சிகிச்சை இரண்டு ஆண்டுக்கு மேல் நீளும். முதல் சில மாதங்கள் கடுமை. முடி கொட்டும், வாய் புண்ணாகும், காய்ச்சல் வந்தால் இரவானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அதன்பின் குழந்தை வீட்டில் இருந்து மாத்திரை சாப்பிடும் காலம் வரும். முடி முளைத்து, கன்னம் உப்பி, தெருவில் ஓடி விளையாடும். நோய் போய்விட்டது என்று பெற்றவர்கள் மாத்திரையை நிறுத்தத் துணிவது இங்கேதான். ஒளிந்திருக்கும் அணுக்களைப் பட்டினி போடுவது இந்த நாட்களில்தான் நடக்கிறது. மெத்தோட்ரெக்சேட் மாத்திரை தினமும் அல்ல, வாரத்துக்கு ஒரு நாள். எந்தக் கிழமை என்று காலண்டரில் குறித்து வைத்துக் கொடுக்க வேண்டும். நிறுத்தும் நாளை டாக்டர் சொல்வார்.