துப்பாக்கி ஏந்த மறுத்த நட்சத்திரம்

ஊடகக் கற்கைகள் படித்த காலத்தில் எங்களுக்கு ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைத் திரையிட்டார்கள். 1930இல் ஹொலிவூட்டில் வெளியான ‘ஓல் குவைட் ஒன் த வெஸ்டர்ன் ஃப்ரண்ட்’. முதலாம் உலகப் போரின்போது, ஆசிரியரின் வீரவுரையைக் கேட்டு வகுப்பறையிலிருந்தே படையில் சேரும் ஜேர்மன் மாணவர்களின் கதை. அதில் பவுல் என்ற இளைஞன், குண்டு விழுந்த குழிக்குள் பதுங்கியிருக்கிறான். உள்ளே வந்து விழும் பிரெஞ்சுச் சிப்பாயைக் கத்தியால் குத்துகிறான். அந்தச் சிப்பாய் உடனே சாகவில்லை. பவுல் இரவு முழுவதும் அவன் பக்கத்திலேயே இருந்து, தண்ணீர் கொடுத்து, மன்னிப்புக் கேட்கிறான். படம் முடிந்த பிறகும் வடக்கிலிருந்து போயிருந்த நாங்கள் சிலர் கனநேரம் எதுவும் பேசவில்லை.

பவுலாக நடித்தவர் லூ ஏயர்ஸ். 1908 டிசம்பர் 28ஆம் திகதி அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் பிறந்தவர். இசைக்குழுவில் பான்ஜோ வாசித்துத் திரிந்தவரை, 21 வயதில் இந்தப் படம் உலகறிந்த நட்சத்திரமாக்கியது. சிறந்த படத்துக்கான ஒஸ்கார் விருதும் அதற்குக் கிடைத்தது. பேர்லினில் நாஸிகள் திரையரங்கில் கலகம் செய்து படத்தை நிறுத்தினார்கள். போரைப் பெருமைப்படுத்தாததே அதன் குற்றம்.

1938 முதல் எம்.ஜி.எம். நிறுவனத்தின் வரிசைப் படங்களில் ஏயர்ஸ் கில்டேயர் என்ற இளம் வைத்தியராக நடித்தார். ஒன்பது படங்கள் வந்தன. வீட்டுக்கு வீடு தெரிந்த முகமானார்.

1941 டிசம்பரில் பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டது. அமெரிக்கா போரில் இறங்கியது. நடிகர்களில் யார் படைக்குப் போகிறார், யார் போகவில்லை என்பது ஊர்ப்பேச்சானது. ஜேம்ஸ் ஸ்டூவர்ட் அதற்கு முன்பே சேர்ந்துவிட்டார். பின்னர் குண்டுவீச்சு விமானியாக ஐரோப்பிய வானில் 20 தடவைகள் தாக்குதலுக்குப் பறந்தார். ஜோன் வெய்னுக்கு நான்கு பிள்ளைகள். குடும்பத்தைக் காரணம் காட்டிச் சேவையிலிருந்து விலக்குப் பெற்றவர், திரையில் போர்வீரனாக நடித்தார்.

1942 மார்ச்சில் ஏயர்ஸ் எடுத்த முடிவு வெளியே தெரியவந்தது. மனிதனைக் கொல்லத் தன் மனச்சாட்சி இடங்கொடாது என்றார். ஆயுதமில்லாமல் மருத்துவப் பிரிவில் சேவை செய்ய அவர் ஆயத்தமாகவே இருந்தார். ஆனால் அந்தப் பிரிவுக்குத்தான் அனுப்புவோம் என்ற உறுதியை இராணுவம் கொடுக்கவில்லை. ஆகவே மனச்சாட்சியின்படி போரை மறுப்போருக்கான ஓரிகன் மாநில வேலை முகாமுக்குப் போனார்.

அவரைக் கோழை என்றார்கள், துரோகி என்றார்கள். திரையரங்குகள் அவருடைய படங்களை ஓட்ட மறுத்தன. எம்.ஜி.எம். அவரை விட்டுவிட்டு, மூத்த வைத்தியர் பாத்திரத்தை முன்னிறுத்தி அந்த வரிசையைத் தொடர்ந்தது. பிள்ளைகளைப் போருக்கு அனுப்பிவிட்டுத் தந்திக்குப் பயந்துகொண்டிருந்த பெற்றோரின் கோபத்தை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். ஆனால் சத்தம் போட்ட எல்லோரும் அந்தப் பெற்றோர் அல்ல.

சில வாரங்களில் இராணுவம் இறங்கிவந்தது. ஆயுதம் ஏந்தாச் சேவையில் அவரைச் சேர்த்துக்கொண்டது. நியூகினியிலும் பிலிப்பைன்ஸிலும் மருத்துவ உதவியாளராகவும் மதகுருவின் உதவியாளராகவும் இருந்தார். 1944 ஒக்டோபரில் லெய்ட்டே தீவில் படைகள் தரையிறங்கியபோது, அந்தக் கரையில் வைத்தியசாலை அமைக்கப் போனவர்களில் ஒருவர். அமெரிக்கச் சிப்பாய்களுக்கும் பிலிப்பைன்ஸ் பொதுமக்களுக்கும் காயப்பட்ட ஜப்பானியருக்கும் மருந்து கட்டினார். இராணுவச் சம்பளத்தைச் செஞ்சிலுவைச் சங்கத்துக்குக் கொடுத்தார். 21 வயதில் திரைக்குள் எதிரிச் சிப்பாயின் உயிரைப் பிடித்துவைக்கப் போராடிய கைகள், 35 வயதில் அதே வேலையை உண்மையாகவே செய்தன.

போர் முடிந்து திரும்பியவரை ஹொலிவூட் ஏற்றுக்கொண்டது. 1948இல் வெளியான ‘ஜொனி பெலிண்டா’ படத்தில், காது கேளாத பெண்ணுக்குச் சைகை மொழி கற்பிக்கும் வைத்தியராக நடித்து ஒஸ்காருக்குப் பரிந்துரைக்கப்பட்டார். பிற்காலத்தில் உலகச் சமயங்களைப் பற்றி ஆவணப்படங்கள் எடுத்தார். 88 வயது நிறைந்து இரண்டாம் நாள், 1996 டிசம்பர் 30ஆம் திகதி காலமானார்.

இந்தக் கதையை நல்ல முடிவென்று எழுதி நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. ஏயர்ஸ் மன்னிக்கப்பட்டது அவருடைய மனச்சாட்சிக்காக அல்ல, குண்டு விழும் இடத்துக்குப் போனதற்காக. அவரைப் போலவே கொல்ல மறுத்த ஏறத்தாழ 12,000 பேர் அப்படியான முகாம்களில் சம்பளமில்லாமல் காடு வளர்த்தார்கள், மனநல வைத்தியசாலைகளில் நோயாளரைப் பராமரித்தார்கள். இன்னும் சுமார் 6,000 பேர் சிறைக்குப் போனார்கள். அவர்களுக்கு வரவேற்பு இருக்கவில்லை. படையிலேயே சேராத வெய்னோ அமெரிக்க நாட்டுப்பற்றின் அடையாளமாகக் கொண்டாடப்பட்டார்.

நாட்டுப்பற்றை அளக்கும் கோல் பெரும்பாலும் தூரத்தில் நிற்பவர்களின் கையில்தான் இருக்கிறது. எங்களுடைய ஊர்களிலும் தியாகி, துரோகி என்ற இரண்டு சொற்களுக்கு நடுவில் எத்தனையோ பேர் காணாமல் போனார்கள். ஷெல் விழுந்த நாட்களில் யார் எவரென்று கேளாமல் சேலையைக் கிழித்துக் காயத்துக்குக் கட்டியவர்களை எங்களுக்குத் தெரியும். அவர்களை எந்தச் சொல்லால் அழைப்பதென்று இன்னமும் நாங்கள் முடிவு செய்யவில்லை.