சொல்லின் வேரைத் தேடிய நல்லூர் சுவாமிகள்

புகையிரதப் பகுதியில் லிகிதராயிருந்த ஓர் இளைஞர், 1895ஆம் ஆண்டில் அந்த உத்தியோகத்தை உதறிவிட்டு யாழ்ப்பாணக் குருமடத்தில் சேர்ந்தார். இரத்மலானைப் புகையிரத வேலைத்தளத்துக்கு நாள்தோறும் போய்வரும் நம் வாசகர்களுக்கு அத்தகைய உத்தியோகத்தின் அருமையை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்த இளைஞரே பின்னாளில் நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் எனப் புகழ்பெற்றவர்.

1875இல் மானிப்பாயில் சைவக் குடும்பமொன்றில் வைத்திலிங்கம் என்னும் பெயருடன் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். தாயார் மறுமணம் புரிந்து கத்தோலிக்க மறையைத் தழுவியபோது மகனும் ஞானஸ்நானம் பெற்றார். அமலமரித் தியாகிகள் சபையில் சேர்ந்து 1901இல் குருவானார். சைவத்தின் நெஞ்சம் போன்ற நல்லூரிலேயே தங்கி, ஊரூராய்ச் சென்று போதித்தார், கோயில்கள் எழுப்பினார். 1928இல் வெளிவந்த அவரது ‘யாழ்ப்பாண வைபவ விமர்சனம்’ சரித்திரம் கற்போர் இன்றும் நாடும் நூல்.

இத்தனை வேலைகளுக்கும் நடுவில் அவரை விடாமல் பற்றிக்கொண்டது சொல்லாராய்ச்சி. ஒவ்வொரு சொல்லுக்கும் தாய் உண்டு, உடன்பிறப்புண்டு, அயல்மொழிகளில் உறவினரும் உண்டு என்பது அவர் கொள்கை.

ஓர் உதாரணம் பார்ப்போம். உயரம் குறைந்த தோழனைக் குள்ளன் என்று கேலி செய்யும் பிள்ளைக்கு, மலையாளிகளும் அதையே சொல்கிறார்கள், கன்னடர் ‘குள்ள’ என்கிறார்கள் என்பது தெரியாது. குறுகு, குறை, குறள் யாவும் ‘குறு’ என்னும் ஒரு வேரின் மக்கள். குறள் என்றால் குள்ளன் என்றும் பொருள். வள்ளுவர் நூலுக்குப் பெயர் தந்ததும் அதே குறுமைதான். இதற்கு எதிர்ப்புறத்தில் கடினத்தைக் குறிக்கும் ‘வல்’ நிற்கிறது. வலிமை, வன்மை, வல்லினம் அதன் வழி வந்தவை. கன்னடத்தில் வகரம் பகரமாகி அது ‘பல்’ என ஒலிக்கிறது. வேற்று உடையில் வந்த சகோதரனை அடையாளம் காண்பதே ஒப்பியல்.

அதே காலத்தில் இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்டில் இன்னொரு கத்தோலிக்கச் சொல்லறிஞர் இருந்தார். 1973இல் காலமான பேராசிரியர் டோல்கீன் அவர். ‘எல்வ்ஸ்’ என்னும் கற்பனை மாந்தருக்கென மொழிகளையே ஆக்கினார். அவர் கதையில் வரும் குள்ளர் கல்லைப்போல் கடினமானவர்கள். எல்வ்ஸ் அவர்களை ‘நௌக்ரிம்’, அதாவது வளர்ச்சி குன்றியோர் என்று அழைத்தனர். ‘கொன்ஹிர்ரிம்’, கல்லை ஆள்வோர், என்றும் ஒரு பெயர் உண்டு. குள்ளரோ தம்மைக் ‘கசாத்’ என்றே சொல்லிக்கொண்டனர். பிறர் நமக்கு இடும் பெயர் பெரும்பாலும் நம் குறையையே சுட்டுகிறது. பள்ளிக்கூட முற்றத்திலும் இதுதான் வழக்கம்.

டோல்கீனுக்கு வேண்டிய வேரைத் தாமே படைத்துக்கொள்ளும் சுதந்திரம் இருந்தது. நல்லூர் சுவாமிகளுக்கு அது இல்லை. மக்கள் நாவில் ஏற்கெனவே இருந்ததைத்தான் தோண்ட வேண்டியிருந்தது. பக்கத்தில் பல்கலைக்கழகமும் கிடையாது. 1938இல் தம் ‘சொற்பிறப்பு ஒப்பியல் தமிழ் அகராதி’யைப் பகுதி பகுதியாக வெளியிடத் தொடங்கினார்.

அ, இ, உ, எ என்னும் நான்கு ஒலிகளிலிருந்தே தமிழின் வேர்கள் கிளைத்தன என்றும், திராவிட மொழிகளுக்கும் ஐரோப்பிய மொழிகளுக்கும் மூலம் ஒன்றே என்றும் அவர் வாதிட்டார். இம்முடிவுகளை இன்றைய மொழியியலார் ஏற்பதில்லை. அவர் சற்று அதிக தூரம் போய்விட்டார் என்பதே நம் கருத்தும். ஆனால், சொற்களைக் குடும்பம் குடும்பமாய்ச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று தமிழர்க்குக் காட்டிய உழைப்பு அதனால் சிறிதும் குறையவில்லை.

1947 சனவரியில் சுவாமிகள் இறைவனடி சேர்ந்தார். அகராதி முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது. பதினான்கு ஆண்டுகளுக்குப்பின், 1961இல், பரோ, எமெனோ என்னும் இரு மேலைநாட்டுப் பேராசிரியர்கள் திராவிட மொழிகளின் சொற்பிறப்பு அகராதியை வெளியிட்டனர். குறுமைக்கும் வன்மைக்கும் உரிய சொற்கள் அதில் அயல்மொழி உறவினரோடு தத்தம் குடும்பமாய் இலக்கமிட்டு நிற்கின்றன.