ஏரி கட்டின சல்லிவன் துரை



இந்தப் பக்கத்தில் வழக்கமாக ஒரு ஊழியக்காரருடைய ஜீவிய சரித்திரத்தை வாசிப்பீர்கள். இந்த முறை ஊழியக்காரர் அல்லாத ஒருவரைப் பற்றி எழுதும்படி கர்த்தர் என்னை ஏவினார். அவர் மிஷனெரி இல்லை, பிரசங்கியும் இல்லை. கும்பெனி சர்க்காரில் கலெக்டர். பெயர் ஜான் சல்லிவன். நம்ம ஊட்டி ஏரியைக் கட்டினவர் இவர்தான்.

1788-ல் லண்டனில் பிறந்த சல்லிவன், வாலிப வயதில் கும்பெனி வேலைக்காக மதராஸ் வந்து, 1815-ல் கோயம்புத்தூர் கலெக்டரானார். அந்த நாட்களில் மலைக்கு ஏற நல்ல பாதை கிடையாது. 1819 ஜனவரியில் காடும் மேடும் கடந்து இங்கே ஏறி வந்தார். கோத்தகிரிப் பக்கம் கன்னேரிமுக்கில் பங்களா கட்டினார். 1823-க்குள் சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்குப் பாதை போட வைத்தார். 1822-ல் ஊட்டியில் அவர் தொடங்கின கல் பங்களா இன்றும் அரசு கலைக்கல்லூரி வளாகத்தில் நிற்கிறது. நம்ம ஜனங்கள் இன்று லாரி லாரியாக மேட்டுப்பாளையத்துக்கு அனுப்புகிற சீமைக் காய்கறிகளை இந்த மண்ணில் பயிரிட்டுப் பார்த்த முதல் ஆட்களில் அவரும் ஒருவர்.

அதன்பின் ஏரி. 1823 முதல் 1825 வரை வேலை நடந்தது. பள்ளத்தாக்கில் ஓடி வந்த ஓடைகளைக் கரை கட்டி மறித்தார்கள். படகு விடுவதற்காக இல்லை, பாசனத்துக்காகத்தான் கட்டினார். மண் சுமந்தவர்களுடைய வியர்வையும் அந்தக் கரையில் கலந்திருக்கிறது. கலெக்டர் பெயர் புஸ்தகத்தில் இருக்கிறது. கூடை சுமந்தவர்களின் பெயரைக் கர்த்தர் அறிவார்.

ஒன்றை மறைக்கக் கூடாது. இது யாருமில்லாத காடு அல்ல. தோடர்கள் தலைமுறை தலைமுறையாக எருமை மேய்த்த நிலம். சல்லிவனே அவர்களிடம் சொற்ப விலைக்கு நிலம் வாங்கினவர்தான். ஆனாலும் இந்த மண்ணின் மேல் தோடர்களுக்கு உரிமை உண்டு என்று அவர் தன் மேலதிகாரிகளிடமே வாதாடினார். அரசாங்கம் சம்மதிக்கவில்லை. பதவியில் இருக்கிறவன் இல்லாதவனுக்காகப் பேசுவது சின்ன காரியமா, சொல்லுங்க?

துக்கமும் அவரைத் தேடி வந்தது. 1838-ல் மனைவி ஹென்ரியேட்டாவையும், மகள் ஹேரியட்டையும் இழந்தார். இருவரையும் ஊட்டி செயிண்ட் ஸ்டீபன்ஸ் ஆலயக் கல்லறையில்தான் அடக்கம் பண்ணினார்கள். 1841-ல் வேலையிலிருந்து ஓய்வு பெற்று சீமைக்குத் திரும்பினார். 1855 ஜனவரி 16-ல் அங்கே மரித்து, ஸ்லவ் பக்கம் அப்டன் என்ற ஊரில் அடக்கம் பண்ணப்பட்டார். பிரியமானவர்கள் இந்த மலையில், அவரோ கடலுக்கு அப்பால். கட்டின ஏரி மட்டும் நம்மிடத்தில் இருக்கிறது.

அந்த ஏரியை நாம் என்ன செய்தோம்?

சல்லிவன் கட்டினபோது ஏரி இப்போது இருப்பதைவிட மிகப் பெரியது. பஸ் ஸ்டாண்டும் ரேஸ் கோர்ஸும் இருக்கிற இடமெல்லாம் ஒரு காலத்தில் தண்ணீர். இப்போது மீந்திருப்பது சுமார் 65 ஏக்கர். மலைச்சரிவின் மண் இறங்கினது. ஊர்ச் சாக்கடை கோடப்பமந்து கால்வாய் வழியே வந்து சேர்ந்தது. கரையோரம் நின்றால் சில நாள் மூக்கைப் பொத்த வேண்டியிருக்கிறது.

ஆதியாகமம் 26-ம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஆபிரகாமின் நாளில் தோண்டின துரவுகளைப் பெலிஸ்தர் பொறாமையினாலே மண் போட்டுத் தூர்த்தார்கள். ஈசாக்கு அவைகளை மறுபடியும் தோண்டி, தகப்பன் இட்ட அதே பெயர்களை இட்டான். அங்கே தூர்த்தவன் சத்துரு. நம்ம ஏரியை எந்தப் பெலிஸ்தன் தூர்த்தான்? யாருமில்லை! வீட்டு வாசலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போனதுதான் அங்கே சேர்ந்தது.

எழுப்புதலும் இப்படித்தான் தூர்ந்துபோகிறது, பிரியமானவர்களே. நம்ம முற்பிதாக்கள் எஸ்டேட் லயன் வீடுகளில், குளிர் நடுங்க, முழங்காலில் நின்று தோண்டின துரவு நமக்கு உண்டு. அதைப் பிசாசு ஒரே ராத்திரியில் மூடவில்லை. இன்றைக்குக் குடும்ப ஜெபம் விட்டுப்போச்சு, நாளைக்கு உபவாசக் கூட்டம் விட்டுப்போச்சு, அண்ணன் தம்பிக்குள் ஒரு கசப்பு. ஒவ்வொன்றும் ஒரு கூடை மண். தண்ணீர் அடியில் இருக்கிறது, மேலே வரத்தான் வழியில்லை.

ஆகையால் இரண்டு காரியம் கேட்கிறேன். முதலாவது, இந்த மாதம் ஒவ்வொரு வீட்டிலும் குடும்ப ஜெபத்தை மறுபடியும் துவக்குங்கள். பத்து நிமிஷம் போதும். இரண்டாவது, கன்வென்ஷன் முடிந்தபின் நம்ம சபைக் குப்பை ஒரு காகிதத் தட்டுகூட ஓடையில் விழக்கூடாது. பரிசுத்த ஆவியின் நதியைக் கேட்டு ஜெபிக்கிற ஜனம், அவர் கொடுத்த ஓடையை அசுத்தப்படுத்தலாமா?

ஆவிக்குரிய பிரகாரம் பார்த்தாலும் மாம்சத்தின்படி பார்த்தாலும் நாம் வெட்டாத துரவின் தண்ணீரைக் குடிக்கிறோம். நமக்குப் பின்வரும் பிள்ளைகளுக்கு அதைத் தூர்க்காமல் கொடுக்கக் கர்த்தர்தாமே கிருபை செய்வாராக. ஆமென். அல்லேலூயா!