துருப்பிடிக்காத கத்தி தந்த பிரியர்லி

எலுமிச்சம்பழத்தை இரும்புக் கத்தியால் நறுக்கினால் கத்தி கறுத்துவிடும். துடைக்காமல் வைத்தால் மறுநாள் துரு ஏறியிருக்கும். எவர்சில்வர் கத்திக்கு அந்தக் கவலை இல்லை. அந்தக் கவலையைப் போக்கியவர்களில் ஒருவர் ஹாரி பிரியர்லி.

இங்கிலாந்தில் ஷெபீல்டு நகரம் கத்திக்குப் பெயர்போனது. அங்கே 1871-ம் ஆண்டு பிப்ரவரி 18-ந் தேதி அவர் பிறந்தார். தகப்பனார் உருக்குக் காய்ச்சும் தொழிலாளி. சின்ன வீடு; நிறையக் குழந்தைகள். 12 வயதில் பள்ளிக்கூடம் நின்றது. பிறகு பர்த் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் பாட்டில் கழுவும் வேலை கிடைத்தது. பையன் பாட்டிலோடு நிற்கவில்லை. இரவில் படித்தார், ரசாயனம் கற்றார். 1908-ல் பர்த், பிரவுன் என்ற இரு கம்பெனிகள் சேர்ந்து அமைத்த ஆராய்ச்சிக்கூடத்துக்கு அவரே தலைவர்!

துப்பாக்கியில் தொடங்கியது

1912-ல் ஒரு பிரச்சினை வந்தது. சுடச் சுட, துப்பாக்கிக் குழலின் உட்புறம் சூட்டாலும் வாயுவாலும் அரித்துப் போயிற்று. குரோமியம் கலந்தால் தாங்குமா என்று பிரியர்லி சோதித்தார். 1913 ஆகஸ்டு 13-ந் தேதி காய்ச்சிய உருக்கில் நூற்றுக்கு 12.8 பங்கு குரோமியம், 0.24 பங்கு கரி.

உருக்கின் உள்ளமைப்பை மைக்ராஸ்கோப்பில் பார்க்க, அதை முதலில் அமிலத்தால் அரிக்க வேண்டும். இந்த உருக்கோ மசியவில்லை. வினிகர் ஊற்றினார். எலுமிச்சைச் சாறு ஊற்றினார். கறையே இல்லை! ஷெபீல்டுக்காரர் அல்லவா? உடனே கத்தி ஞாபகம் வந்தது.

காரணம் இதுதான். சாதாரணத் துரு பொருபொருவென்று உதிரும். அடியில் உள்ள இரும்பையும் அரிக்கும். குரோமியம் கலந்தால், மேற்பரப்பில் உள்ள குரோமிய அணுக்கள் முந்திக்கொண்டு பிராணவாயுவைப் பற்றி, ஒரு மெல்லிய தோலாக மூடிவிடும். அதன் கனம் தலைமுடியின் கனத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. கீறினால் தானே மறுபடி மூடிக்கொள்ளும். (எவர்சில்வர் பாத்திரத்தில் உப்பை நாள்கணக்கில் வைத்தால் புள்ளி விழுகிறதே, உப்பு அந்தத் தோலைத் துளைப்பதால்தான்.) கரி மிகுந்தால் வேறு தொல்லை. அது குரோமியத்தைத் தன்னோடு கட்டிக்கொள்ளும். தோல் போர்த்தப் போதிய குரோமியம் மிஞ்சாது.

வெட்டாத கத்தி

கத்திக் கொல்லர்கள் கைவிரித்தார்கள். வழக்கமான சூட்டில் இந்த உருக்கு சரியாகப் பதம் ஏறவில்லை. வெட்டாத கத்தி செய்தவர் என்று பிரியர்லியைக் கேலி செய்தார்கள். 1914-ல் மோஸ்லி கம்பெனியின் எர்னஸ்ட் ஸ்டூவர்ட் சில முறை தோற்று, பிறகு பக்குவம் கண்டார். கறைபடாத உருக்கு என்ற பொருளில் 'ஸ்டெயின்லெஸ்' என்று பெயர் வைத்தவரும் அவரே.

கேலி ஓய்ந்ததும் வழக்கு முளைத்தது. கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம்? கம்பெனிக்கா, பிரியர்லிக்கா? கத்தியில் அக்கறை காட்டாத கம்பெனி, லாபம் தெரிந்ததும் உரிமை கேட்டது. அவர் வேலையை உதறினார். ஜான் மேடக்ஸ் என்பவரோடு சேர்ந்து அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார். 1917-ல் இரு தரப்பும் சேர்ந்து 'பர்த்–பிரியர்லி' கூட்டு நிறுவனம் அமைந்தது.

ஆனால் எல்லாப் பெருமையும் அவருக்கே என்பது நியாயமாகாது. ஜெர்மனியில் க்ருப் கம்பெனியின் மாரரும் ஸ்டிராஸும் 1912-லேயே குரோமியத்தோடு நிக்கலும் சேர்த்த உருக்கைக் கண்டிருந்தார்கள்.

1920-ல் பெஸ்ஸெமர் தங்கப் பதக்கம் பிரியர்லியைத் தேடி வந்தது. 1941-ல் ஷெபீல்டில் ஓர் அறக்கட்டளை நிறுவினார். 1948 ஜூலை 14-ந் தேதி, டார்க்கே என்ற கடற்கரை ஊரில் காலமானார்.