ரெக்ரஷன்னு ஏன் பேர் வந்தது? உயரத்தை அளந்த கால்டனின் கதை

எக்செல்லில் இரண்டு காலம்களை செலக்ட் செய்து 'ட்ரெண்ட்லைன்' போட்டிருக்கிறீர்களா? விளம்பரச் செலவு கூடினால் விற்பனை எவ்வளவு கூடும் என்று கணிக்கும் அந்தக் கோடுதான் 'லீனியர் ரெக்ரஷன்'. ஆனால் ரெக்ரஷன் என்றால் பின்னோக்கிப் போவது என்று அர்த்தம். அடுத்து வரப்போவதைச் சொல்லும் கோட்டுக்கு எதுக்கு இப்படி ஒரு பெயர்? அதைத் தெரிந்துகொள்ள, ஃபிரான்சிஸ் கால்டனைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

யார் இந்த கால்டன்?

1822-ல் இங்கிலாந்தின் பர்மிங்காம் அருகே, வசதியான வங்கிக் குடும்பத்தில் பிறந்தவர். பரிணாமக் கொள்கை தந்த சார்லஸ் டார்வினுக்கும் இவருக்கும் ஒரே தாத்தா. மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்டார். கேம்பிரிட்ஜில் கணிதம் படிக்கும்போது உடல்நலம் கெட்டு, சாதாரண பட்டத்தோடு வெளியே வந்தார். 1844-ல் அப்பா இறந்தபோது கைக்கு வந்த சொத்தால், சம்பளத்துக்கு வேலை பார்க்கும் அவசியமே அவருக்கு வரவில்லை.

ஆப்பிரிக்கப் பயணம், வானிலை வரைபடம், கைரேகை என எல்லாவற்றிலும் இறங்கினார். எதைப் பார்த்தாலும் அளக்கணும், எண்ணணும். அதுதான் கால்டன்.

விதையில் தொடங்கிய ஆய்வு

1875-ல் 'ஸ்வீட் பீ' செடியின் விதைகளை அளவுவாரியாகப் பிரித்து, விளைவித்துத் தரும்படி நண்பர்களுக்கு அனுப்பினார். டார்வினும் அதில் ஒருவர். பெரிய விதையில் இருந்து வந்த விதைகள் சராசரியைவிடப் பெரிதாகத்தான் இருந்தன. ஆனால் தாய் விதை அளவுக்கு இல்லை.

மனிதர்களிடமும் இப்படித்தானா? பரிசு அறிவித்து, குடும்பங்களிடம் இருந்து உயர விவரங்களைத் திரட்டினார். 205 தம்பதிகள், அவர்களின் வளர்ந்த பிள்ளைகள் 928 பேர். பெண்களின் உயரத்தை 1.08-ஆல் பெருக்கி ஆண்களோடு ஒப்பிடும்படி மாற்றி, அப்பா அம்மா இருவருக்கும் சேர்த்து ஒரு சராசரி எடுத்தார்.

கிடைத்தது இதுதான்: பெற்றோர் பொதுச் சராசரியைவிட 3 அங்குலம் கூடுதல் என்றால், பிள்ளைகள் சராசரியாக 2 அங்குலம்தான் கூடுதல். குள்ளமான பெற்றோரின் பிள்ளைகளும் அதேபோல சராசரிப் பக்கம் நகர்ந்தார்கள். இந்தத் திரும்புதலுக்குத்தான் ரெக்ரஷன் என்று பெயர் வைத்தார். அந்த மூன்றில் இரண்டு பங்குதான் கோட்டின் சாய்வு.

அப்போ எல்லாரும் ஒரே உயரம் ஆகிவிடுவோமா?

இல்லை. கால்டன் கணக்கைத் திருப்பியும் போட்டுப் பார்த்தார். ரொம்ப உயரமான பிள்ளைகளை எடுத்து அவர்களின் பெற்றோரைப் பார்த்தால், அவர்களும் சராசரிப் பக்கம்தான் இருந்தார்கள். இந்த முறை சாய்வு மூன்றில் ஒரு பங்கு. பிள்ளைகள் பெற்றோரை 'இழுக்க' முடியாதே! ஆக, இது ஏதோ ஒரு சக்தியின் வேலை இல்லை. உச்சத்தில் இருப்பவர்களை மட்டும் பொறுக்கி எடுத்தால், அதில் தற்செயலின் பங்கும் சேர்ந்தே வரும். அது அடுத்த முறை அப்படியே திரும்ப வராது.

போன மாதம் டார்கெட்டைத் தாண்டிக் கலக்கியவர் இந்த மாதம் கொஞ்சம் இறங்கினால், 'பாராட்டியதும் தலைக்கனம்' என்று சொல்லிவிடுகிறோம். பல நேரம் அது வெறும் ரெக்ரஷன்தான்.

கோரிலேஷன் எப்படி வந்தது?

எதை வைத்து எதைக் கணிக்கிறோம் என்பதைப் பொறுத்து சாய்வு மாறுகிறதே, உறவைச் சொல்ல ஒரே எண் வேண்டாமா? 1888-ல் வழி கிடைத்தது. இரண்டு அளவுகளையும் அதனதன் பரவலால் வகுத்துவிட்டால், இரண்டு சாய்வும் ஒன்றாகிவிடும். அதுதான் கோரிலேஷன், பள்ளிப் புத்தகம் சொல்லும் 'ஒட்டுறவு'. உயரத்துக்கும் முன்கை நீளத்துக்கும் அவர் கண்ட மதிப்பு 0.8. இன்று பாடத்தில் இருக்கும் சூத்திரத்தை 1896-ல் செம்மைப்படுத்தித் தந்தவர் கார்ல் பியர்சன்.

கதையின் இருண்ட பக்கம்

1869-ல் எழுதிய புத்தகத்தில், பிரபலமானவர்களின் உறவினர்களும் பிரபலமாக இருப்பதைக் காட்டி, திறமை ரத்தத்தில் வருகிறது என்றார் கால்டன். பணம், படிப்பு, சிபாரிசு ஆகியவையும் அதே குடும்பங்களுக்குள்தான் கைமாறின என்பதற்கு உரிய இடம் தரவில்லை. அப்பாவின் சொத்தில் வாழ்ந்தவர் அவர்!

'தகுதியானவர்கள்' மட்டும் பெருக வேண்டும் என்ற எண்ணத்துக்கு 1883-ல் 'யூஜெனிக்ஸ்' என்று பெயரும் வைத்தார். 1911-ல் அவர் இறந்த பிறகு, அந்தக் கொள்கையின் பெயரால் அமெரிக்க மாநிலங்களிலும் நாஜி ஜெர்மனியிலும் ஏராளமானோருக்குக் கட்டாயக் கருத்தடை செய்யப்பட்டது. அவர் சொத்தை எழுதிவைத்த லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ், 2020-ல் தன் அரங்கத்தில் இருந்து அவர் பெயரை நீக்கியது.

இரண்டு விஷயங்கள் சேர்ந்து நகர்கின்றனவா என்பதை மட்டுமே கோரிலேஷன் சொல்லும். ஏன் என்று சொல்லாது. அடுத்த மீட்டிங்கில் யாராவது ஸ்லைடில் நேர்க்கோடு ஒன்றைக் காட்டினால், 'காரணம் இதுதான்னு எப்படித் தெரியும்?' என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.