நடந்து வந்த சவேரியார்

முட்டத்துப் பாறைகளில் அலை மோதுவதைக் காணப் போகிறவர்கள், 1544-ஆம் ஆண்டின் இறுதியில் இக்கரை வழியே நடந்து வந்த ஒருவரையும் நினைக்கலாம். ஸ்பெயினில் 1506-இல் பிரபு குலத்தில் பிறந்து, பாரிஸ் சர்வகலாசாலையில் பட்டம் பெற்ற பிரான்சிஸ் சவேரியார்தான் அவர்.

தமிழ் அவருக்குச் சரளமாக வரவில்லை. ஆகவே ஜெபங்களைத் தமிழில் எழுதுவித்து மனப்பாடம் செய்துகொண்டார். கையில் மணியை ஆட்டியபடி தெருத் தெருவாய்ப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டுவார்.

அவ்வாண்டு ஜூன் மாதம், வடுகர் படைக்கு அஞ்சிய மீனவர்கள் குமரிமுனைக் கடற்பாறைகளில் ஒதுங்கி, பசியாலும் தாகத்தாலும் மடிந்துகொண்டிருந்தார்கள். செய்தி எட்டியதும் அவர் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளுடன் புறப்பட்டார். எதிர்க்காற்று விடவில்லை, துடுப்புப் போட்டும் பலனில்லை. திரும்ப நேர்ந்தது. சும்மா இருந்தாரா? பின்னர் கால்நடையாகவே குமரிக்குப் போனார். உண்ண ஏதுமற்றவர்களையும், நடக்க மாட்டாத முதியவர்களையும், வழியிலேயே பிள்ளை பெற்ற தாய்மார்களையும் கண்டார்.

ஆண்டு முடிவதற்குள் பூவார் முதல் பள்ளம் வரை, முட்டம் உள்ளிட்ட முக்குவர் ஊர்களைச் சுற்றினார். ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்குமேல் ஞானஸ்நானம் அளித்ததாக அவரே எழுதியிருக்கிறார். போர்த்துகீசியரின் பாதுகாப்பை நாடியும் பலர் வந்திருக்கலாம், அதையும் மறைப்பதற்கில்லை. முதலில் ஆண்கள்; ஒவ்வொருவருக்கும் புதுப் பெயரை ஓலையில் எழுதிக் கொடுப்பார். அவர்கள் வீடு சென்று மனைவி மக்களை அனுப்பி வைப்பார்கள்.

1552 டிசம்பர் 3-ஆம் தேதி, சீனக் கரையோரத் தீவொன்றில், 46-ஆம் வயதில் காலமானார். அந்நாளை ஒட்டி அவர் பெயர் தாங்கிய கோட்டாறு பேராலயத்தில் ஆண்டுதோறும் திருவிழா நடக்கிறது.