தன் குதிகாலை அறுக்கக் கொடுத்த டாக்டர்

உங்க குதிகாலுக்குக் கொஞ்சம் மேலே, பின்பக்கம் விரலை வச்சு அழுத்திப் பாருங்க. கயிறு மாதிரி விறைப்பா ஒண்ணு தட்டுப்படும். அதுதான் அக்கிலிஸ் டெண்டன். கெண்டைக்கால் தசை இழுக்கிற விசையைக் குதிகால் எலும்புக்குக் கடத்துற கேபிள். உடம்பிலேயே தடிமனான டெண்டன் இதுதான். இதைக் கத்தியால அறுக்கணும்னு ஒரு டாக்டர் சொன்னா, அதுவும் மயக்க மருந்தே வராத காலத்துல, நீங்க காலை நீட்டுவீங்களா? வில்லியம் ஜான் லிட்டில் நீட்டினார். அப்போ அவருக்கு வயசு 25.

1810-ல் லண்டனில் பிறந்தவர். அப்பா ஒரு விடுதி நடத்தினார். சின்னக் குழந்தையா இருக்கும்போதே இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் பாதிக்கப்பட்டது. இந்த நோய் சில தசைகளைச் செயலிழக்க வைக்கும், சிலதை விட்டுடும். பாதத்தை மேலே தூக்குற தசை ஓய்ஞ்சு போய், கீழே இழுக்குற கெண்டைக்கால் தசை மட்டும் வேலை செஞ்சா என்ன ஆகும்? முதல் வருஷ மெக்கானிக்ஸ்ல ஃப்ரீ பாடி டயகிராம் போட்ட யாருக்கும் இதைச் சொல்லத் தேவையில்ல. குதிகால் மேலே ஏறி, பாதம் உள்பக்கமா திரும்பிடுச்சு. டெண்டனும் அப்படியே சுருங்கிப் போச்சு. பள்ளிக்கூடத்துல பசங்களோட கேலி வேற.

மருத்துவம் படிக்க வந்தார். படிப்பு முடிஞ்சும் கால் அப்படியேதான் இருந்துச்சு. டெண்டனை வெட்டலாம்கிற யோசனை அப்பவே உண்டு. பிரான்ஸில் டெல்பெக் என்ற சர்ஜன் 1816-ல் செஞ்சு பார்த்திருந்தார். காயத்துல சீழ் பிடிச்சுது. அதுக்கப்புறம் அவர் அந்தப் பக்கமே போகலை. லிட்டிலுக்கும் நிறைய பேர் வேண்டாம்னுதான் சொன்னாங்க. பெர்லினில் பேர்போன சர்ஜன் டீஃபன்பாக்கே இதை நம்பலை.

ஆனா ஹானோவரில் ஸ்ட்ரோமயர்னு ஒருத்தர் வேற வழி கண்டுபிடிச்சிருந்தார். தோலைப் பெருசா கீறலை. சின்னதா ஒரு துளை, அது வழியா மெல்லிய கத்தி, உள்ளுக்குள்ளேயே டெண்டனை மட்டும் அறுத்துட்டு வெளியே வந்துடணும். அவ்வளவுதான்! கிருமிதான் சீழுக்குக் காரணம்னு அன்னைக்கு யாருக்கும் தெரியாது. லிஸ்டரோட கார்பாலிக் அமிலம் வர இன்னும் 30 வருஷம் இருக்கு. காரணம் தெரியாமலேயே சரியான டிசைனுக்கு வந்திருக்கார் மனுஷன்.

அறுத்த பிறகு நடக்கிறதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். சில நாள் காலை அசைக்காம விடுறாங்க. வெட்டின இடைவெளியில் புதுத் திசு வளர ஆரம்பிக்குது. அது இறுகுறதுக்கு முன்னாடி, பாதத்தை ஒரு கருவியில் கட்டி, கொஞ்சம் கொஞ்சமா நேராக்குறாங்க. புதுத் திசு நீளமாவே உறுதியாகிடும். அதாவது கேபிளை மாத்தாம, அதையே நீட்டி வாங்கியாச்சு. அவசரப்பட்டு ஒரேயடியா இழுத்தா கெட்டுடும், ரொம்ப நாள் விட்டா பழையபடி ஒட்டிக்கும்.

1836 ஜூனில் லிட்டிலுக்கு ஆபரேஷன் நடந்தது. பாதம் நேரானது. அதே காலோட பெர்லினுக்குத் திரும்பிப் போய் நின்னார். டீஃபன்பாக் மனசு மாறி, தானே இந்த ஆபரேஷனைச் செய்ய ஆரம்பிச்சுட்டார். லிட்டில் இதையே தீசிஸா எழுதி டாக்டர் பட்டம் வாங்கினார். 1837-ல் லண்டனில், இங்கிலாந்தின் முதல் ஆபரேஷனா இதைச் செஞ்சார். சில வருஷத்திலேயே கை கால் கோணலுக்குன்னே ஒரு மருத்துவமனையும் தொடங்கினார். பின்னாடி அது ராயல் ஆர்த்தபீடிக் ஹாஸ்பிட்டல் ஆச்சு.

அவர் பேர் இன்னைக்கும் நிலைச்சிருக்கிறது வேற ஒரு விஷயத்தால. கால் விறைச்சுப் போன குழந்தைகள் பலரைப் பார்த்தவர், 1861-ல் ஒரு கட்டுரை படிச்சார். குறைப்பிரசவம், கஷ்டப் பிரசவம், பிறக்கும்போது மூச்சுத் திணறல், இதெல்லாம் மூளையைப் பாதிக்குதுன்னார். ரொம்ப நாள் இதுக்கு லிட்டில் நோய்னே பேரு, இப்போ செரிப்ரல் பால்சி. பிரசவம்தான் காரணம்னு சொல்ல முடியாது, கோளாறு கருவிலேயே தொடங்கியிருக்கலாம்னு 1897-ல் மறுத்தவர் யார் தெரியுமா? சிக்மண்ட் ஃப்ராய்ட். ஆமா, அவரேதான். பெரும்பாலான கேஸ்களுக்கு மூச்சுத் திணறல் காரணம் இல்லைன்னு பிற்கால ஆய்வுகள் காட்டின. இந்த ரவுண்டில் ஜெயிச்சது ஃப்ராய்ட்தான்.

டெண்டன் விஷயத்தில் அப்படி இல்ல. வளைபாதத்தோட பிறக்கிற குழந்தைகளுக்கு இப்போ பொன்செட்டி முறையில் வாரா வாரம் மாவுக்கட்டு போட்டு, கடைசியில் பெரும்பாலானவங்களுக்கு அதே அக்கிலிஸ் டெண்டனை ஒரு சின்னத் துளை வழியா அறுத்து விடுறாங்க.

லிட்டில் 1894-ல், 83 வயசில் இறந்தார். அவர் மகன்களில் ஒருத்தரும் சர்ஜன். பேரு லூயிஸ் ஸ்ட்ரோமயர் லிட்டில்.